இரண்டாவது ஓட்டை

ஜூன் 3, செவ்வாய்

ஏனென்றால் அது சட்டைப் பையில் அடங்கும். அவ்வளவுதான் காரணம். கிட்டார் என்றால் தூக்கிக்கொண்டு போகும்போது தெருவே பார்க்கும், காலேஜை விட்டவன் கிட்டார் வாங்கியிருக்கான் என்று. மவுத் ஆர்கன் வெளியே தெரியாது. அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அம்மா, "பீப்பி ஊதறதுக்கா மூணாம் வருசத்துல நின்ன?" என்றாள். 

அப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். "அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நானும் அம்மாவிடமே "வேண்டாம்" என்கிறேன்.

முதலில் வாங்கியது தப்பு ஆர்கன். ப்ளூஸ் இசை என்றால் சுரத்தை வளைக்க வேண்டும், உள்ளே இழுக்கும்போது சத்தம் அழுவதுபோல் கீழே இறங்க வேண்டும். போனில் பார்த்துப் பார்த்து வாரக்கணக்கில் இழுத்தேன். வளையவே இல்லை. கடைசியில்தான் தெரிந்தது, கடைக்காரர் கொடுத்தது சினிமாப் பாட்டு வாசிக்கிற நீளமான ரகம். அது வளையாது. யாரிழுத்தாலும் வளையாது. என் நண்பன் நிகில் தரையில் உருண்டு சிரித்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பத்து ஓட்டை ஆர்கன் வந்துவிட்டது. மேலேயும் கீழேயும் தகரம், நடுவில் மரம். கையில் வைத்தால் சோப்பு டப்பாவைவிடச் சின்னது.

நிகில் வந்திருந்தான். காலேஜில் என்னோடு படித்தவன், அவன் மட்டும் இன்னும் படிக்கிறான். வழியில் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டே வந்தவன், வாயைக்கூடத் துடைக்காமல் ஆர்கனைப் பிடுங்கி ஊதினான். திரும்ப வாங்கி நானும் அப்படியே ஊதினேன். உதடு எரிந்தது. "மச்சி, ஸ்பைசி ப்ளூஸ்டா இது" என்றான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டாவது ஓட்டையில் உள்ளே இழுத்தால் சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது ஓட்டை கெட்ட ஓட்டை. திருப்பி அனுப்பப் போகிறேன். துணி காயப் போட்டேன், மழை வந்தது.

ஜூன் 14, சனி

'கோயம்புத்தூரில் யாராவது ப்ளூஸ் ஹார்மோனிகா கற்றுக்கொள்கிறீர்களா?' என்று ஆன்லைன் குரூப்பில் கேட்டிருந்தேன். ஒரே ஒருத்தன் கையைத் தூக்கினான். பேர் மதியழகன். இன்று வ.உ.சி. பூங்காவில் சந்தித்தோம்.

என் வயசுதான் இருக்கும். காந்திபுரத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. நகம் ஒட்ட வெட்டி, சட்டைக் கை பட்டன் போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, பேங்க் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி வந்தான். அப்புறம் பையிலிருந்து ஆர்கனை எடுத்தான். ரயில் வந்துவிட்டது. உண்மையிலேயே பெஞ்சில் இருந்த ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. புகையும் சக்கரமும் கேட் மூடுகிற மணியும், எல்லாம் அந்தச் சின்ன டப்பாவுக்குள்.

"எத்தன வருசம்?" என்றேன்.

"ஒண்ணர. நாள் பூரா அடுத்தவன் கைய அமுக்கிப் பிடிச்சு ரத்தம் இழுக்கறனா, பொழுதோட யாருக்கும் வலிக்காம எதையாச்சும் இழுக்கலாம்னு ஆரம்பிச்சேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ப்ளூஸ் எங்கிருந்து வந்தது, பருத்திக் காட்டில் அடிமையாக இருந்தவர்கள் எப்படி அதை உண்டாக்கினார்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். அவனும் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், "எங்க அம்மாகூட பருத்தி எடுத்திருக்காங்க. ஆனா ஊட்டுக்கு வந்தா பாட்டெல்லாம் பாடல. முதுகு வலிக்குதுன்னு படுத்துக்குவாங்க" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

பஜ்ஜி கதையையும் சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபி ஷாப்பில் ஜூலை 13 ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கலாமாம். நிகில் கிட்டார், நானும் மதியும் மாறி மாறி ஆர்கன். பேர் கொடுத்துவிட்டேன். காலேஜை விட்ட பிறகு நான் பேர் கொடுத்த முதல் விஷயம்.

ஜூன் 20, வெள்ளி

மதி வீட்டுக்கு வந்தான். அம்மா காபி கொடுத்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

"எந்த ஊரு கண்ணு?"

"அன்னூர் பக்கங்கம்மா."

"அன்னூர்ல எங்க? எந்தக் கோயிலுக்குப் போவீங்க?"

இந்த ஊரில் யார் வீட்டுக்கு யார் போனாலும் இந்தக் கேள்வி வரும். கோயில் பேரைச் சொன்னால் மிச்சமெல்லாம் தெரிந்துவிடும். மதி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நாங்க ஊருக்கு அக்கட்டால இருக்கறமுங்கம்மா. காலனி."

பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னான். அம்மா முகம் மாறியது. பிறகு மாடிக்கு வடகம் எடுக்கப் போய்விட்டாள்.

என் அறையில் ஆர்கனைக் காட்டி, இரண்டாவது ஓட்டை கெட்டுவிட்டது என்றேன். அவன் கைக்குட்டையால் துடைத்து வாயில் வைத்தான். சத்தம் கனமாக, சுத்தமாக வந்தது. அப்படியே கீழே வளைத்தான், மேலே கொண்டுவந்தான்.

"ஆர்கன் நல்லாத்தான் இருக்கு. நீதான் அதுகூடச் சண்ட போடற. உறிஞ்சாத. கொட்டாவி விடற மாதிரி தொண்டையத் தொறந்துட்டு, காத்த அதுவா வர விடு."

மறுபடி துடைத்து என்னிடம் நீட்டினான். "இப்ப இழு."

வாங்கி மேசைமேல் வைத்தேன். பசிக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். பஸ் ஸ்டாப் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

ஆர்கன் போச்சு. அம்மா கொதிக்க வைத்துவிட்டாள். நடுவில் இருந்த மரம் ஊறிப் பிதுங்கி வெளியே நிற்கிறது. ஊதினால் உதட்டைக் கிழிக்கிறது. அம்மாவுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது, அந்தக் காலத்து ஆள்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா காலையில் பால் பாத்திரத்தை நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எவன்டா இதுல தண்ணிய வெச்சு வத்த உட்டது? அடி கருகிக் கெடக்குது" என்று சமையலறையிலிருந்து கத்தினாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பூங்காவில் மதியைப் பார்த்தேன். ஆர்கன் கீழே விழுந்துவிட்டது என்றேன். "குடு, பாக்கறேன்" என்று குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அங்கேயே கழற்றினான். மரத்தைத் தடவினான். முகர்ந்தான்.

"தரணி, கொதிக்க வெச்சியா?"

நான் பெஞ்சில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தேன்.

"நிகிலு பஜ்ஜி தின்னுட்டு ஊதுனப்பவும் வெச்சியா?"

"அம்மாடா" என்றேன். "நான் ஊட்லயே இல்ல. அம்மாதான் எடுத்துப் போட்டுட்டாங்க."

அவன் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் போட்டு முறுக்கினான். இறுக்கி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. பிறகு என் முதுகில் தட்டினான்.

"உடுடா. அவங்க அப்படியே வளந்துட்டாங்க. நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடற? இனிமே உங்க ஊட்டுக்கு வரல, இங்கயே பழகிக்கலாம். அவங்களுக்கும் சங்கடம் வேண்டாம்."

என்னை அவன் சமாதானப்படுத்தினான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அப்புறம் அவனிடமிருந்த இன்னொரு ஆர்கனை என் பையில் போட்டான்.

"வெச்சு வாசி. இதுக்கு உள்ள பிளாஸ்டிக்கு. சுடுதண்ணி ஊத்துனாலும் தாங்கும்."

ஜோக்குக்குத்தான் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 28, சனி

மதி கொடுத்ததை இன்றுதான் எடுத்தேன். குழாயில் கழுவினேன். எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் கழுவுவதுதானே.

நிகில் கிட்டார் மீட்டுகிற வில்லையைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவான். ஸ்ட்ரிங் மாற்றும்போது அதை என்னிடம் கொடுப்பான், கை நிறைந்திருந்தால் நானும் பல்லில்தான் கடித்துப் பிடிப்பேன். இன்று அதை நினைத்துக்கொண்டே கழுவினேன்.

ஒரு மணி நேரம் முயற்சி செய்தேன். கொட்டாவி. கொட்டாவி. உண்மையிலேயே கொட்டாவி வந்து கண்ணில் நீர் வந்தது. பிறகு இரண்டாவது ஓட்டை பேசியது. இவ்வளவு நாள் காற்றாக இருந்த இடத்தில் ஒரு தடித்த சத்தம், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கொஞ்சம் வளையவும் செய்தது.

மதியிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா அரிசியில் கல் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அந்தப் பையன் ஏன் அப்புறம் வரவே இல்ல?"

"வேல இருக்கும்."

"நல்ல பையன். அன்னிக்குக் காப்பி குடிச்ச டம்ளர அவனே கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போயிருக்கான். நம்மூட்ல எவன் கழுவறான்? எங்க போயி அப்படிப் பழகுனானோ. அடுத்த தடவ வந்தா, இதெல்லாம் வேண்டாம் சாமின்னு சொல்லணும்னு இருந்தேன்."

கழுவினதை நான் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதாக இருக்கும்.

ஜூலை 3, வியாழன்

மூன்று பேரும் பூங்காவில் வாசித்தோம். நன்றாக வந்தது. மதி என் இரண்டாவது ஓட்டையைக் கேட்டுவிட்டு நிகிலிடம், "பாரு, ஐயா கொட்டாவி விடக் கத்துட்டாரு" என்றான். அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம்.

ஜூலை 5, சனி

அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காவோடு காலையில் காந்திபுரம் போனாள். திரும்பி வந்து, கை மடிப்பில் பஞ்சோடு உட்கார்ந்து, ஆசையாகச் சொன்னாள்.

"உன்ற சினேகிதன்தான்டா ஊசி குத்துனான். எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. ஏஞ்சாமி ஊட்டுப் பக்கமே வர்றதில்லைன்னு கேட்டேன். உங்களுக்கு எதுக்குங்கம்மா சங்கடம்ங்கறான். எனக்கென்னடா சங்கடம்? அப்புறம் பீப்பியப் பத்தி என்னமோ கேட்டான், கொதிக்க வெச்சீங்களான்னு. நான் அதத் தொட்டதே இல்லியே கண்ணுன்னேன். அதுக்கப்புறம் பேசவே இல்ல. பஞ்ச மட்டும் நல்லா அமுக்கிப் பிடிங்கம்மான்னான். நாளைக்கு உட்டு அடுத்த ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

மதியம் மதியிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அம்மாவப் பாத்தேன்.' அவ்வளவுதான்.

நான் இதில் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத டைரியில். அம்மா கொதிக்க வைக்கவில்லை. நான்தான்.

மதியை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஆர்கன் மேசைமேல் இருந்தது. அவன் சொன்ன கொட்டாவியை முயற்சி செய்யலாம் என்று எடுத்தேன். உதடு வரை கொண்டுபோனேன். வாய் போகவில்லை. நிகிலின் பஜ்ஜி எண்ணெய்க்குப் போன வாய். மதி என் முன்னால் இரண்டு தடவை துடைத்திருக்கிறான், ரத்தம் எடுக்கிற கை, என்னைவிடச் சுத்தமான கை. போகவில்லை. எச்சில் என்று மனசில் ஒரு சொல் வந்தது. பஜ்ஜியன்று அந்தச் சொல் வரவே இல்லை.

கிருமி என்று சொல்லிக்கொண்டேன். எப்படிச் சுத்தம் செய்வது என்று போனில் தேடினேன். மரம் இருந்தால் வெந்நீரில் போடாதே என்று முதல் வரியிலேயே இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா மாடியில் வடகம் எடுத்து, அப்படியே பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வற்றிக் கருகுகிற வாசனை வரும்வரை அங்கேயே நின்றேன்.

அன்று அம்மா முகமும் மாறவில்லை. "அப்படியா சாமி, காப்பிக்குச் சர்க்கர போதுமா?" என்றுதான் கேட்டாள். எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளர்தான் அது. மாறும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மாறியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

21-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

போன் எடுக்கவில்லை. லேப்புக்கே போனேன். வாசலில் நின்றேன். வேலை முடிந்து வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நான்தான்டா கொதிக்க வெச்சேன்."

"தெரியும்."

"சாரிடா."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"உன்ற அம்மா மேல கோவத்த வெச்சுட்டே சுத்திட்டிருந்தேன் தரணி. அவங்க வந்து கைய நீட்டுனப்ப, இந்தக் கோவத்துல ஊசி தப்பாப் போயிரக் கூடாதுன்னு மூச்சப் பிடிச்சுட்டுக் குத்துனேன். அவங்க என்னடான்னா சாப்பிட வா சாமிங்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்?"

"நான் என்ன பண்ணட்டும்?"

"அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"எங்கிட்டச் சொல்றது இருக்கட்டும். எனக்கு இது புதுசில்ல. அவங்களுக்குப் புதுசு. அவங்க பேர வெச்சுத்தான நீ தப்பிச்ச?"

"சொல்லிட்டா ஞாயித்துக்கெழம வாசிப்பியா?"

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நான் வாசிப்பேன். நீ வந்தாலும் வாசிப்பேன், வராட்டியும் வாசிப்பேன். நான் உங்கிட்டப் பேரம் பேசல." பஸ் வந்தது. ஏறிவிட்டான். ஆர்கனைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போயிருந்தேன். அதைக் கேட்கவும் இல்லை.

ஜூலை 9, புதன்

அம்மா மாவாட்டும்போது போய் நின்றேன். "என்னடா?" என்றாள். "கரண்ட் பில்லு கட்டிட்டேன்" என்றேன்.

ஜூலை 10, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறாள். அந்தப் பையனுக்குக் கறி பிடிக்குமா, காரம் ஆகுமா. தெரியாது என்றேன். இவ்வளவு நாள் பழகியிருக்கிறேன், உண்மையிலேயே தெரியாது. அவன் வர மாட்டான் என்று சொன்னேன். "வர்றேன்னு போன் பண்ணிச் சொல்லிட்டானே" என்றாள்.

நிகிலிடம் நடந்ததைச் சொன்னேன். "இதெல்லாம் ஒரு மேட்டரா மச்சி, நீ ஓவரா ஃபீல் பண்ற" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அசிங்கமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டான். அறைக்குள் இருந்துகொண்டு எழுதுகிறேன். தலை வாருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கதவு பாதிதான் சாத்தியிருக்கிறது, எல்லாம் கேட்கிறது.

அப்பா அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். லேப்பில் ஷிஃப்ட் உண்டா, அன்னூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. அப்பா இவ்வளவு பேசிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அம்மா இலை போட்டுவிட்டாள். குழம்பு வாசனை வருகிறது.

மதி கொடுத்த ஆர்கன் என் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் அதைக் கழுவாமல் வாசித்தேன். அதைப் பெருமையாக இங்கே எழுத வந்த கையை என்ன செய்வது? நான் தினமும் வாசிக்கிற ஆர்கன் அது. அவன் வாய் பட்டு எத்தனையோ நாளாயிற்று. அதில் இப்போது என் எச்சில் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா கேட்கிறாள்: "ஏங் கண்ணு, அன்னிக்கு ஊசி குத்தறப்போ பீப்பியப் பத்தி என்னமோ கேட்டியே. நான் கொதிக்க வெச்சனான்னு. அது என்ன விசயம்? அன்னியிலிருந்து மண்டைக்குள்ளயே இருக்குது."

மதி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று இங்கே வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் சொல்லிவிட்டால் நான் தலையைக் குனிந்தால் மட்டும் போதும்.

"தரணி சொல்லுவானுங்கம்மா. வரட்டும்."

"இவன் என்னத்தச் சொல்லுவான்? ஒரு வாரமா என்ற மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறான். தரணீ! சோறு ஆறுதுடா!"

இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து பார்த்தேன். காற்று மட்டும் வருகிறது.

நாற்காலி நகர்கிற சத்தம். அப்பா. "அவனக் கூப்பிடு" என்று அம்மாவிடம் சொல்வார் என்று நினைத்தேன்.

"டேய் தரணி. வெளிய வா."

என்னைத்தான் கூப்பிட்டார். நேராக என்னை. இப்போது பார்த்து.

போகணும்.